மூக்குக்காரர்

குடிநீர் நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிற எல்லோரும் ஒரு வாரம் நீர்த்தரப் பயிற்சியில் உட்கார வேண்டும், கடைசி நாள் தேர்வு எழுத வேண்டும், தேறாதவர்கள் இனிமேல் வால்வில் கை வைக்கக் கூடாது என்று புது விதி வந்தது. அதைக்கூட மூக்குக்காரர் பொறுத்துக்கொண்டார். பயிற்சி கொடுக்க வருவது யார் என்று தெரிந்தபோதுதான் ஆடிப்போனார். வந்தது அவருடைய சொந்தத் தங்கை.

தங்கை தலைமை அலுவலகத்து லேபில் வேலை பார்த்தவள். அங்கேயே பயிற்சியாளராகி, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் ஊருக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை, நீதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. மேட்டு நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே, குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி ஒரு முறை மோந்தால் போதும், அதில் குளோரின் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு லேபுக்கு அனுப்பினால் அதே எண்தான் திரும்பி வரும். புதிதாக வரும் அதிகாரிகளுக்கு முதலில் டேங்கைக் காட்டுவார்கள், அடுத்து அவர் மூக்கைக் காட்டுவார்கள். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

பயிற்சி பம்ப் ஹவுசின் மாடி அறையில் நடந்தது. கீழே மோட்டார் ஓடினால் மேலே மேஜை மெல்ல அதிரும். டீ டம்ளரில் வட்டம் வட்டமாக அலை வரும். பெஞ்சுகளில் ஊரின் எல்லா நிலையங்களிலிருந்தும் ஆட்கள். முன்வரிசையில் ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள், வாயை மூடத் தெரியாதவர். அவருக்குப் பக்கத்தில் ஷிப்ட் அக்கா. யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர்களுடைய ஷிப்டைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனுஷி. கடைசி பெஞ்சில், சுவரோரம், மூக்குக்காரர்.

"தண்ணி நல்லா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று தங்கை முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மூக்குக்காரர் மோந்து சொல்லுவார் மேடம்!" என்றார் ரேடியோ. அறையே சிரித்தது.

"அவர் லீவு போட்டா?"

"அவர் எங்க மேடம் லீவு போடுறார்? காய்ச்சல் வந்தப்ப ஒரு தடவை போட்டார். அதுவும் அண்ணி பிடிச்சு வெச்சதாலதான்."

தங்கையும் சிரித்தாள். பிறகு புது விதியை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். எந்தெந்த இடத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும், குழாயின் கடைசி முனையிலும் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள்.

"கடைசிக் குழாயில குளோரின் பூஜ்யம்னா, தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு ஜனங்களுக்கு உடனே சொல்லணும். சொல்ற அதிகாரம் யாருக்குத் தெரியுமா? அந்த நேரத்துல ஷிப்ட்ல இருக்கிற ஆபரேட்டருக்கு. மேல யாரையும் கேட்க வேண்டியதில்ல."

ஷிப்ட் அக்கா கையைத் தூக்கினாள். "எங்களுக்கா? ஒரு பல்பு மாத்தவே நாங்க நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

"பல்புக்கு வாங்குங்க. இதுக்கு வேண்டாம்."

யாரும் நம்பவில்லை. மேடம் படித்ததைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

மறுநாள்தான் வினை வந்தது. தண்ணீரில் குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டியை மேஜைமேல் திறந்து வைத்திருந்தாள் தங்கை. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி ஒரு மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்பு என்பதைப் பெட்டியில் இருக்கிற நிறங்களோடு ஒப்பிட்டால் எண் தெரிந்துவிடும். பக்கத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"அண்ணே, மேடம் பெட்டியா, நம்ம மூக்கா? பார்த்துடலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மூக்குக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். அவர்கள் விடவில்லை. கடைசியில் உள்ளங்கையில் ஊற்றி, கண்ணை மூடி, நிதானமாக மோந்தார்.

"அரை. பூஜ்யம் புள்ளி அஞ்சு."

ரேடியோ அதே தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தங்கை லேபிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். அதில் குளோரின் பொட்டுக்கூடக் கிடையாது.

"மாத்திரை பழசா இருக்கும்" என்றார் யாரோ.

தங்கை அதே அட்டையிலிருந்து இன்னொரு மாத்திரையைப் பிய்த்து, மற்ற பாட்டிலில் இருந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் போட்டாள். ரோஜாப்பூ மாதிரி சிவந்தது.

மூக்குக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "மோட்டார் சத்தம் சரியில்ல, பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து கீழே போனார். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

தங்கை தங்கியிருந்தது அண்ணன் வீட்டில்தான். வேறு எங்காவது தங்கினால் பேசவே மாட்டேன் என்று அண்ணி முதலிலேயே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குள் நுழையும்போதே தீய்ந்த வாசனை மூக்கைத் துளைத்தது. சமையலறையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்த அண்ணி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். "வீடே புகையுது, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கீங்களே! பாலைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"கவனிக்கல" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காலையில் வகுப்பில் நடந்ததும் இப்போது பார்ப்பதும் சேர்ந்து ஒரே அடியாக அவளுக்குப் புரிந்தது.

அவர் மொட்டைமாடிக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். மழை தூறிவிட்டு நின்றிருந்தது. தூரத்தில் மேட்டு நிலையத்தின் டேங்க் தெரிந்தது.

"அண்ணா, எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

அவர் திரும்பவில்லை. தெரியாதமாதிரி நடிக்கலாமா என்று யோசித்தார்போலிருக்கிறது. பிறகு தோள் தளர்ந்தது.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். டாக்டர்கிட்டப் போனேன். வரலாம், வராமலும் போகலாம்னார்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. மூக்கு இல்லாத மூக்குக்காரன்னு ஊரே சிரிக்கும். வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"இத்தனை நாளா குளோரினை எப்படிப் போட்டீங்க?"

"காய்ச்சலுக்கு முன்னாடி எந்த அளவுல வெச்சேனோ அதே அளவுல. குளோரின் திருகைத் தொடவே இல்ல."

தங்கை தூரத்து டேங்கைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் காலத்தில் அது சரிப்படும். இப்போது மழை ஆரம்பித்திருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக வரும். எவ்வளவு வடிகட்டினாலும் அழுக்கு போடுகிற குளோரினைத் தின்றுவிடும். மேட்டில் போட்டது மேட்டிலேயே தீர்ந்துபோனால் கடைசித் தெருவுக்கு என்ன மிஞ்சும்?

"மூக்கு போனது உங்க தப்பில்ல. மறைச்சது தப்பு. ஜனங்க குடிக்கிற தண்ணி அண்ணா இது." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. பிறகு தணிந்தாள். "அந்த விதிப் புத்தகத்தை நான் வரி வரியாப் படிச்சிருக்கேன். ஆபரேட்டருக்கு மூக்கு வேணும்னு அதுல எங்கயும் எழுதல. அளந்து பார்க்கணும்னுதான் எழுதியிருக்கு. கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"தெரியுது."

"சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியுமில்ல?"

அவர் முதல் முறையாகச் சிரித்தார். சின்ன வயதில் இவளுக்கு அவர் சைக்கிள் பழக்கினபோது, பிரேக் எது பெடல் எது என்று தெரியாமல் முழித்தவள். இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள். உடனே நிலையத்துக்குப் போன் போட்டு, ஷிப்டில் இருந்த ஆளிடம் குளோரினைக் கூட்டி வைக்கச் சொன்னார். எவ்வளவு என்று அந்த ஆள் கேட்டதும் போனைத் தங்கையிடம் நீட்டினார்; அவள் சொன்னாள்.

இறங்கி வந்து அண்ணியிடமும் சொன்னார்கள். அண்ணி அழுவாள் என்று இருவரும் பயந்தார்கள். அவள் கரண்டியும் கையுமாக எழுந்து நின்றாள்.

"அப்படின்னா இத்தனை மாசமா என் சமையலைச் சாப்பிட்டுட்டு 'ஆஹா, வாசனையே தூக்குது'ன்னு சொன்னதெல்லாம்?"

மூக்குக்காரர் தங்கையைப் பார்த்தார். தங்கை விட்டத்தைப் பார்த்தாள்.

அடுத்த நாள் பயிற்சி வெளியில். எல்லோரும் வேனில் ஏறி, மேட்டு நிலையத்திலிருந்து பைப்லைன் போகிற வழியாகவே இறங்கிக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் சாம்பிள் எடுத்தார்கள். பெட்டியை மூக்குக்காரர்தான் வைத்திருந்தார். யாரையும் தொட விடவில்லை. நிலைய வாசலில் நல்ல சிவப்பு. நேற்று சாயங்காலம் கூட்டியது அதுவரைக்கும் வந்திருந்தது. சந்தைப் பக்கம் கொஞ்சம் வெளுப்பு. ஊர்க் கோடியில், பள்ளிக்கூடத்தையும் தையல் கடையையும் தாண்டி இருக்கிற கடைசித் தெருக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார்.

வெள்ளை.

இன்னொரு தடவை கழுவி, இன்னொரு மாத்திரை போட்டார். அப்போதும் வெள்ளைதான். குழாயை நன்றாக ஓட விட்டுப் பிடித்தார். நிறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பூஜ்யம்" என்றார்.

தங்கை ஷிப்ட் அக்காவைக் கூப்பிட்டு, லேபுக்கு அனுப்பக் கிருமி சாம்பிள் எடுக்கச் சொன்னாள். அக்கா குழாய் வாயைத் தீயால் சுட்டு, தண்ணீரை ஓட விட்டு, பாட்டில் மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்தாள். முந்தின நாள் வகுப்பில் இதையே செய்தபோது மூடியைக் கீழே போட்டுவிட்டாள். இப்போது ஒரு தவறும் இல்லை.

செய்தி போய், ஊர்க் குடிநீருக்குப் பொறுப்பான பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்பதற்காகத் தூக்கத்தை விட்டவர். அதனாலேயே பயமும் அதிகம்.

"லேப் ரிசல்ட் நாளைக்கு வந்துடும். அதுவரைக்கும் பொறுப்போம் மேடம். குளோரினைக் கூட்டியாச்சு, தானா வந்து சேர்ந்துடும். இப்பப் போய் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு சொன்னா ஊரே அலறும். ஒண்ணுமில்லாம போச்சுன்னா நம்மள நாளைக்கு எவன் நம்புவான்?"

"நாளைக்குள்ள இந்தத் தெருவுல எத்தனை பேர் சார் குடிப்பாங்க?" என்றாள் தங்கை.

"அதுக்காக? யார் சொல்றது? யார் பொறுப்பு ஏத்துக்கிறது?"

அந்த வாரம் காலையில் பயிற்சி, மதியம் வேலை என்று வைத்திருந்தார்கள். மதிய ஷிப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மேட்டு நிலையத்தில் அன்றைக்கு மதியம் யார் ஷிப்ட் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் மூக்குக்காரர் பக்கம் திரும்பவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை.

அவரே முன்னால் வந்தார். கையில் அந்த வெள்ளைக் கண்ணாடிக் குழாய் இருந்தது.

"ஷிப்ட்ல நான்தான் சார் இருக்கேன். நான் சொல்றேன்."

"மூக்குக்காரரே, நீங்க மோந்து பார்த்தீங்களா?" பொறியாளர் கேட்டது கிண்டலாக இல்லை, நம்பிக்கையோடு. அவர் மோந்து பார்த்து 'பரவாயில்லை' என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பார்.

"மூக்கு போச்சு சார்."

"என்னது?"

"காய்ச்சல்ல போச்சு. மாசக் கணக்காச்சு. எல்லார்கிட்டயும் மறைச்சேன். குளோரினைப் பழைய அளவுலயே வெச்சிருந்தேன், மழை வந்தும் நேத்து வரைக்கும் கூட்டல. அதுக்கு என்ன விளக்கம் கேட்டாலும் எழுதிக் கொடுக்கிறேன். அது அப்புறம். இப்ப இந்தத் தண்ணியில குளோரின் இல்ல. என் மூக்கு சொன்னா நீங்க நம்புவீங்க. இந்தக் குழாய் சொல்றதையும் நம்புங்க. விதிப்படி சொல்ற அதிகாரம் எனக்கு இருக்கு. நான் சொல்லப்போறேன்."

ஷிப்ட் அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்து இன்னொருவர். ரேடியோ வேன் கதவைத் திறந்து, மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியின் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பொறியாளர் ஒருவர்தான் எதிர்ப்பக்கம் தனியாக நின்றார். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. அறிவிப்புல கீழ என் பேரையும் போடுங்க. தனியா நீங்க ஒருத்தர் மாட்டிக்க வேண்டாம்."

பிறகு நடந்ததைப் பற்றி அந்த ஊரில் இன்னும் பேசுவார்கள். ரேடியோவின் வாய்க்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது. வேன் ஒவ்வொரு தெருவாக ஊர்ந்தது. "அன்பான பொதுமக்களே, தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடிங்க. குழந்தைங்களுக்குக் கட்டாயம். பயப்படாதீங்க, நாங்க வேலையில இருக்கோம். சும்மா சூடு பண்ணினா போதாது, தளதளன்னு கொதிக்கணும், தளதளன்னு!" அவர் அதைச் சொன்ன விதத்தில் பிள்ளைகள் 'தளதள' என்று கத்திக்கொண்டே வேன் பின்னால் ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை கேட்காத வீடு இல்லை.

கடைசித் தெருத் தையல்காரம்மாதான் மறித்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல என்ன குறை கண்டீங்க?"

"கண்ணாடி மாதிரி இருக்கிறதாலதான்மா பயமா இருக்கு" என்றார் மூக்குக்காரர். "கலங்கலா இருந்தா நீங்களே குடிக்க மாட்டீங்க." அவள் கண்ணெதிரிலேயே இரண்டு சாம்பிளிலும் மாத்திரையைப் போட்டுக் காட்டினார், மேட்டுத் தண்ணீர் ஒன்று, அவள் டம்ளர் ஒன்று. ஒன்று சிவந்தது, ஒன்று சிவக்கவில்லை. தையல்காரம்மா டம்ளரைக் கீழே ஊற்றினாள். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அவளே போய்ச் சொன்னாள், வேனுக்கு முன்னால்.

மூக்குக்காரர் நிலையத்துக்குத் திரும்பி, எத்தனை லிட்டர் போகிறது, எவ்வளவு குளோரின் வேண்டும் என்று தங்கை கற்றுக்கொடுத்த கணக்கைத் தானே போட்டு, திருகை வைத்தார். பழக்கத்தில் வைக்கவில்லை, கணக்குப் பார்த்து வைத்தார். மற்றவர்கள் பைப்லைனின் கடைசி முனைகளைத் திறந்து பழைய தண்ணீரைச் சாக்கடைக்கு ஓட விட்டார்கள். சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சந்தைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கடைசித் தெருக் குழாயில் முதல் முறையாக நிறம் தெரிந்தபோது, மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஷிப்ட் அக்கா கண்ணாடிக் குழாயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

மறுநாள் லேப் ரிசல்ட் வந்தது. முதலில் எடுத்த அந்த வெள்ளைத் தண்ணீரில் கிருமி இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை.

பொறியாளர் தாளை இரண்டு முறை படித்தார். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வயிற்றுப்போக்கு என்று யாராவது வந்தார்களா என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் மறுபடி போட்டார். அடுத்த நாளும் போட்டார். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ், "சார், யாராவது வந்தா நாங்களே சொல்றோம், நீங்க தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கு வயித்தைக் கலக்குது" என்றாளாம்.

அறிவிப்பை எடுக்க, அடுத்தடுத்து இரண்டு சாம்பிள் சுத்தமாக வர வேண்டும். ஒன்று வந்துவிட்டது. இரண்டாவது வர வேண்டிய நாளும் தேர்வு நாளும் ஒன்றாக அமைந்தன.

கேள்வித்தாள் தலைமை அலுவலகத்திலிருந்து முத்திரை வைத்து வந்தது; திருத்துவதும் அங்கேதான். அண்ணன், தங்கை என்று யாரும் வாய் திறக்க இடமில்லை. மூக்குக்காரர் இந்தத் தடவை கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை, முன்னால் உட்கார்ந்தார். குளோரின் அளவுக் கணக்கு ஒன்று வந்திருந்தது. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் ஊருக்கே போட்ட கணக்கு அது.

பாதித் தேர்வில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பொறியாளர் கையில் தாளோடு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார். தங்கை வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"தேர்வு முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது சார்."

"மேடம், ரிசல்ட் வந்திருக்கு!"

"வெளிய நில்லுங்க சார். விதி."

ஊருக்கே பொறியாளர், வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பையன் மாதிரி நடைபாதையில் நின்றார். ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து முகத்தாலேயே எதையோ சொல்லப் பார்த்தார். தங்கை ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே யாருக்கும் பேனா ஓடவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தார்கள். மணி அடித்துத் தாள்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் அவள் கதவைத் திறந்தாள்.

"சுத்தம்!" என்றார் பொறியாளர். "ரெண்டும் சுத்தம்!"

மாடி அறை அதிர்ந்தது. இந்தத் தடவை மோட்டாரால் இல்லை. ரேடியோ யாரைக் கட்டிப் பிடிக்கிறோம் என்று பார்க்காமல் பொறியாளரையே தூக்கிவிட்டார். ஷிப்ட் அக்கா, "நிலையத்துல ஆள் வேணுமே, நான் போறேன், நீங்க எல்லாரும் போங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள். தேர்வு முடிவு பிறகு ஒரு நாள் வந்தபோது அவள்தான் முதலாவதாக வந்திருந்தாள். எல்லோரும் தேறியிருந்தார்கள். மூக்குக்காரர் மறைத்ததற்குத் துறை விளக்கம் கேட்டது, எழுதிக் கொடுத்தார், எச்சரிக்கையோடு விட்டார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு வேன் கடைசித் தெருவுக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. அண்ணியும் எப்படியோ சேதி தெரிந்து வந்து நின்றிருந்தாள். ரேடியோ மைக்கை எடுத்து, ஒரு தடவை தொண்டையைக் கனைத்து, என்ன நினைத்தாரோ, மூக்குக்காரரிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்கண்ணே. ஆரம்பிச்சது நீங்கதானே."

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தடுமாறினார். "தண்ணி... தண்ணி நல்லா இருக்கு. அளந்து பார்த்தாச்சு. குடிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற தங்கை, எல்லோர் காதிலும் விழும்படி, "சரியா சொன்னீங்க சார்" என்றாள். அண்ணனை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அவள் தலையில் கை வைத்து அழுத்தினார்.

தையல்காரம்மா தெருக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து, மூச்சு விடாமல் குடித்து முடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள். அவ்வளவுதான். தெரு முழுக்கக் குழாய்கள் திறந்தன. வீட்டுக்குள் ஒன்று, வாசலில் ஒன்று, மாடியில் ஒன்று. பிள்ளைகள் கையில் ஏந்திக் குடித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். பொறியாளர் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். அடுத்த தெருவிலும் அதே சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த தெருவிலும்.

மூக்குக்காரரின் போன் அடித்தது. மேட்டு நிலையத்திலிருந்து ஷிப்ட் அக்கா.

"என்னண்ணே நடக்குது அங்க? டேங்க் லெவல் மளமளன்னு இறங்குதே! எங்கயாவது பைப் உடைஞ்சிருச்சா?"

"உடையல!" என்று அவர் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். "எல்லாரும் குடிக்கிறாங்க! நீ ரெண்டாவது மோட்டாரையும் போடு!"